‘தோல்வி’ என்று எழுதுமுன் விநாடியைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ராக்கெட் இயந்திரத்தின் தரைச்சோதனை பாதியில் நிறுத்தப்பட்டாலும் ‘தோல்வி’, இயந்திரம் வெடித்துச் சிதறினாலும் ‘தோல்வி’ என்றே பல செய்திகளில் வருகிறது. இரண்டும் ஒன்றல்ல. 2015இல் டெலியோஸ்-1, 2023இல் டெலியோஸ்-2 என நம் சிங்கப்பூரின் துணைக்கோளங்கள் இந்திய விண்வெளி அமைப்பான இஸ்ரோவின் ராக்கெட்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் விண்ணுக்குப் போயின. பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகளும் இச்செய்திகளைப் படிக்கிறார்கள்.

திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் 2023 ஜூலை 1ஆம் தேதி நடந்ததைப் பாருங்கள். திரவ ஆக்சிஜனையும் சுத்திகரித்த மண்ணெண்ணெயையும் எரிக்கும், 2,000 கிலோநியூட்டன் உந்துவிசை இயந்திரம் ஒன்றை இஸ்ரோ உருவாக்கி வருகிறது. அன்று மேடையேறியது முழு இயந்திரம் அல்ல. பெரிய எரிகலனை விட்டுவிட்டு, சூடான வாயுவை உண்டாக்கும் முன்எரிகலன், அந்த வாயுவால் சுழலும் டர்பைன், அது இயக்கும் பம்புகள் ஆகியவை மட்டுமே. 4.5 விநாடி ஓட வேண்டும். 1.9 விநாடிவரை எல்லாம் எதிர்பார்த்தபடி இருந்தது. 2.0ஆவது விநாடியில் டர்பைன் அழுத்தம் திடீரென எகிறியது, அதன்பின் சுழற்சி வேகம் சரிந்தது. முன்னெச்சரிக்கையாகச் சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

அழுத்தம் கூடினால் டர்பைன் வேகமெடுக்க வேண்டும். மாறாக வேகம் விழுகிறது என்றால் உள்ளே ஏதோ சரியில்லை. மனிதர் அதைக் கண்டு பொத்தானை அழுத்த நேரம் போதாது. அதனால்தான் அழுத்தம், வெப்பம், வேகம், அதிர்வு ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே எல்லை வகுத்து, மில்லிவிநாடிக் கணக்கில் கணினியே முடிவெடுக்க விடுகிறார்கள். உணர்கருவி ஒன்று பழுதாகித் தவறான அளவைக் காட்டலாம் என்பதால் முக்கிய இடங்களில் மூன்றைப் பொருத்தி, இரண்டு ஒத்துப்போனால் நிறுத்தும் முறையும் உண்டு.

நிறுத்துவதற்கும் வரிசை இருக்கிறது. இவ்வகை இயந்திரத்தின் முன்எரிகலனில் ஆக்சிஜன் மிக அதிகம், எரிபொருள் கொஞ்சம். எரிபொருளை முதலில் அடைத்தால் சூடு தணியும். ஆக்சிஜனை முதலில் அடைத்தாலோ கலவை முழுமையாக எரியும் விகிதத்தை நெருங்கி, வெப்பம் தாறுமாறாக ஏறி, டர்பைன் இதழ்களே கருகிவிடும். அடைத்த கையோடு நைட்ரஜனைச் செலுத்தி, குழாயில் தங்கிய மண்ணெண்ணெயை வெளியேற்றியாக வேண்டும்.

சூடான ஆக்சிஜனில் உலோகமே எரிபொருள்தான். குழாயின் உட்புறம் ஒட்டிய ஒரு விரல்தடத்தின் எண்ணெய்ப்பசை போதும், ஒரு சிறு உலோகச் சீவல் போதும், பம்பு பற்றிக்கொள்ள. பொருத்துமுன் புறஊதா விளக்கடியில் ஒவ்வொரு பாகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பது இதற்காகத்தான். பல எண்ணெய்கள் அந்த ஒளியில் மினுங்கும்.

நின்ற இயந்திரத்தை உடனே பிரிக்கவும் கூடாது. -183 டிகிரியில் கொதிக்கும் ஆக்சிஜன் ஓடிய பாகங்களைத் திறந்தால், காற்றின் ஈரம் உள்ளே படிந்து தடயம் கெடும். உலர்ந்த நைட்ரஜனால் மெல்லச் சூடேற்றி, தண்டைக் கையால் சுழற்றி உரசுகிறதா என்று பார்த்து, வடிகட்டியில் என்ன சிக்கியிருக்கிறது என்று தேட வேண்டும். முழுதாகக் கிடைத்த இயந்திரத்தில்தான் இத்தனையும் முடியும்!

இஸ்ரோ அவசரப்படவில்லை. ஒரு படி இறங்கி, 2024 மே மாதம் முன்எரிகலனை மட்டும் பற்றவைத்துப் பார்த்தது. 2025 மார்ச் 28இல் மீண்டும் அதே தொகுதியை 2.5 விநாடி ஓட்டியது. அரை விநாடிதானே கூடியிருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் தொடக்கத்தைச் சரிபார்ப்பதே அன்றைய நோக்கம், அது நிறைவேறியது.

உண்மையான வெடிப்பு எப்படி என்பதற்கு ஜப்பானின் எப்சிலான்-எஸ் ராக்கெட் உதாரணம். அதன் இரண்டாம் கட்டத்தில் திட எரிபொருள். பற்றினால் அடைக்க வால்வு கிடையாது. 2023 ஜூலையில் நோஷிரோவில் தரைச்சோதனையின்போது வெடித்தது. பற்றவைப்புக் கருவியின் உலோகம் உருகியதே காரணம் என்று கண்டறிந்து திருத்தினார்கள். 2024 நவம்பர் 26இல் தானேகாஷிமாவில் மறுபடியும் வெடித்தது; இம்முறையும் சோதனை நிலையம் சேதமானது.

அடுத்து மகேந்திரகிரியிலிருந்து செய்தி வரும்போது எந்தப் பாகம் சோதிக்கப்பட்டது, எத்தனை விநாடி திட்டமிட்டார்கள், எத்தனை விநாடி ஓடியது, நிறுத்தினார்களா வெடித்ததா என்பவற்றை முதல் பத்தியிலேயே தரும்படி கேட்டுக்கொள்கிறேன். நிறுத்தியிருந்தால் ‘நிறுத்தப்பட்டது’ என்றே தலைப்பிடுங்கள்.

வாசகர்,
ஈசூன்