பதிமூன்று துண்டுகளுக்கு நன்றி

கோலாலம்பூர் செந்தூலில் ஞாயிறுதோறும் கூடி, எழுதியதை ஒருவருக்கொருவர் படித்துக்காட்டிக்கொள்ளும் நம் எல்லாருக்கும் வணக்கம்.

நேற்று மாலை டாய்லெட் பேப்பரைப் பற்றிய என் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்து முடித்தேன். ஒருவரும் எழுந்து போகவில்லை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்த பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை. ஆனாலும் இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும், நாளைக்கென்று வைத்தால் ஆறிப்போகும்.

முதல் வாசிப்பில் இருவர் எழுந்து போனது, அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் எப்படிக் கிடந்தேன் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். மறுபடி கிளற மனமில்லை. டாய்லெட் பேப்பரைப் பற்றித் தமிழில் பத்துப் பக்கம் எழுத என்ன கிடக்கிறது என்று கேட்டவர்கள்மேல் இப்போது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நன்றி சொல்லத்தான் இந்த மடல். அதில் பெரும்பங்கு ஒருவருக்கு.

அக்கா, பெயர் போட வேண்டாம் என்றீர்கள். போடவில்லை.

அக்காவை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கோலாலம்பூர்ப் பேரங்காடிகளில் 26 ஆண்டு கழிவறைத் துப்புரவு வேலை பார்த்தவர். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து 20 காசு வாங்கிக்கொண்டு டிஷ்யூ எடுத்துக் கொடுத்த காலமும் அவருக்கு உண்டு. நம் கூட்டத்துக்கு மகளை அழைத்துப்போக வருவார். எப்போதும் கடைசி நாற்காலி. அதுவரை யாருடைய எழுத்தைப் பற்றியும் அவர் வாய் திறந்ததில்லை. முதல் வாசிப்பு அன்றைக்கு எல்லாரும் கலைந்த பிறகு என்னிடம் வந்தார். "அந்தப் பேப்பரக் குடும்மா, வீட்ல வச்சுப் படிச்சிட்டுத் தரேன்" என்றார். குப்பையில் போட நான் கையில் சுருட்டி வைத்திருந்த பிரதி அது.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. பத்துப் பக்கத்திலும் ஒரு கோடு இல்லை, ஒரு சுழி இல்லை. பக்கங்களுக்கு இடையே மட்டும் வெள்ளை வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. டாய்லெட் பேப்பர்! சதுரம் சதுரமாகப் பிய்த்து, நீளவாக்கில் கிழித்து, தனக்குச் சொல்ல ஏதாவது இருந்த இடத்திலெல்லாம் வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தேன், பதிமூன்று. சில துண்டுகளில் ஒன்றும் இல்லை. சிலவற்றில் பால்பாயிண்ட் பேனாவால் மூன்று நான்கு சொல். முனை பட்டுத் தாள் கிழிந்து, பாதி எழுத்து அடியடுக்கில் தடமாக இறங்கியிருந்தது. விளக்கடியில் சாய்த்துப் பிடித்துத்தான் படித்தேன்.

பக்கத்திலேயே எழுதியிருக்கலாமே அக்கா என்று கேட்டேன். "நீ எழுதுனது மேல நான் எப்படிம்மா கிறுக்குறது?"

என் கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில், ஆறாம் நூற்றாண்டுச் சீன அறிஞர் யான் ஷிதுய் வருகிறார். ஐந்து செவ்வியல் நூல்களின் வரிகளோ சான்றோர் பெயர்களோ உள்ள தாளைக் கழிவறைக்கு எடுக்கத் தனக்குத் துணிவில்லை என்று எழுதிவைத்தவர். கழிவறையில் தாள் புழங்கியதற்கான மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. ஆண்டையும் பெயரையும் சரிபார்த்து எழுதினேனே தவிர, அந்த மனிதரின் கூச்சத்தை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. இத்தனைக்கும் காலில் பட்ட தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவள் நான். அக்கா அந்த ஒரு வரி சொன்ன பிறகுதான் அவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போல ஆனார்.

நான்காம் பக்கம். சேத் வீலர் 1891இல் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமையின் படத்தில் தாள் முன்பக்கமாகத் தொங்குகிறது, முன்பக்கமா சுவர்ப்பக்கமா என்று இன்றும் வாதாடுகிறார்கள் என்றெல்லாம் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அங்கே இருந்த துண்டில், "சுவத்துப் பக்கம் விட்டா நனையும்." நம் ஊர்க் கழிவறையில் பைப்புத் தண்ணீர் தரையெல்லாம், சுவரெல்லாம் தெறித்துக் கிடக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தச் சுருளை மாட்டியிருப்பார்! அரைப் பக்கத்தை எடுத்துவிட்டு அந்த நான்கு சொல்லை வைத்தேன். நேற்று நீங்கள் கைதட்டியது அதற்குத்தான்.

ஏழாம் பக்கத்தைத்தான் கட்டுரையின் உயிர் என்று நம்பியிருந்தேன். 851ஆம் ஆண்டைச் சேர்ந்த அரபுப் பயணக் குறிப்பு ஒன்று, சீனர்கள் தண்ணீரால் கழுவுவதில்லை, தாளால் துடைத்துக்கொள்கிறார்கள் என்று குறைபட்டுக்கொள்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நான் எங்கோ போய்விட்டேன். நாம் தண்ணீர்க்காரர்கள், நாசூக்காகச் சொல்லும்போதுகூட 'கால் கழுவி வந்தான்' என்று தண்ணீரை விடாத மொழி நம்முடையது, தாள் நமக்கு அந்நியப் பொருள் என்று ஒரே பெருமிதம். எழுதும்போது கண் கலங்கியது. அந்த இடத்தில் ஒரு துண்டு, இரண்டாக மடித்து.

"தண்ணி வராத அன்னைக்கு?"

அன்று இரவு நான் தூங்கவில்லை. 1998இல் கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. எங்கள் குடியிருப்புத் தாமானுக்குள் தண்ணீர் லாரி வரும் சத்தம் கேட்டதும் அம்மாவும் நானும் வாளியோடு ஓடுவோம். 2014இல் மறுபடியும் பங்கீடு. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங் ஆறு மாசுபட்டு 10 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றபோது என் பிள்ளையைக் குளிப்பாட்ட முடியாமல் அழுதிருக்கிறேன். இவ்வளவையும் அனுபவித்தவள், ஏழாம் பக்கத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும் ஓர் ஊரைக் கட்டிவைத்திருக்கிறேன். அங்கே பெருமை பேசுவது சுலபம்.

மறுநாள் அக்காவைக் கூப்பிட்டேன். அந்த மாதிரி நாளில் மத்தியானத்துக்குள் சுருள் தீர்ந்துவிடும் என்றார். மேலிடத்தில் கேட்டால் கிடைக்காது. அதனால் வாசலில் உட்கார்ந்து தானே பிய்த்துக் கொடுப்பாராம், ஆளுக்கு ஆறு துண்டு. கோயிலுக்குப் போகிற பட்டுச்சேலை, தொழுகைக்குப் போகிற சொங்கோக் தொப்பி, ஆபீஸ் கழுத்துப்பட்டை, எல்லாரும் வரிசையில். "எங்களுக்கு இது பழக்கமில்லன்னு ஒருத்தரும் சொல்லலம்மா. கைய நீட்டுனாங்க, குடுத்தேன்."

நேற்று நீங்கள் கேட்ட ஏழாம் பக்கம் அதுதான். என் பெருமிதத்தில் ஒரு வரிகூட அதில் மிச்சமில்லை.

மற்றவர்களையும் விட்டுவிடக் கூடாது. இடக்கரடக்கல் என்பது அவையில் கூசுகிற ஒன்றைச் சொல்வதற்கு இலக்கணம் திறந்துவிட்ட வழி, அதை வாயடைக்கும் பூட்டாக்க வேண்டாம் என்று நேற்று எழுந்து நின்று சொன்ன தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. டிஷ்யூ ஆலையில் வேலை செய்யும் தம்பிக்கும். சூடான பெரிய உருளையில் ஒட்டிய தாளைக் கத்தியால் சுரண்டி எடுக்கும்போது விழுகிற நுண்ணிய சுருக்கம்தான் அந்த மென்மை என்று கைக்குட்டையைச் சுருக்கிக் காட்டினாயே! முகம் துடைக்கும் டிஷ்யூவில் ஈரம் தாங்கும் பசை கலந்திருக்கும், அது தண்ணீரில் கரையாது, கழிவறையில் போட்டால் அடைத்துக்கொள்ளும் என்று ஐந்தாம் பக்கத்துப் பிழையைத் திருத்தியதும் நீதான். கூட்டத்துக்கு வீட்டைத் திறந்துவிட்ட அண்ணி, ஒவ்வொரு பிரதிக்கும் காசு வாங்க மறுத்த நகல் கடைக்காரர், மூன்று வாரமும் சோறு பொங்கி எழுப்பி ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்ட என் வீட்டுக்காரர், அன்றைக்கு எழுந்து போய் நேற்றுத் திரும்பி வந்து உட்கார்ந்த இருவர், உங்கள் எல்லாருக்கும் நன்றி.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். போன ஆண்டு நம் தங்கச்சி ஒருத்தி கொண்டுவந்த முதல் கதையில் பக்கத்துக்கு இருபது இடம் சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அவள் பிறகு எதையும் எடுத்து வரவில்லை. இந்த வாரம் அவள் வீட்டுக்குப் போகிறேன். கதை இன்னும் வைத்திருந்தால் கேட்டு வாங்கி, பேனா இல்லாமல் படிக்கப் போகிறேன். இனி யார் பிரதி என் கைக்கு வந்தாலும் அப்படித்தான்.

பதிமூன்று துண்டையும் பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். பன்னிரண்டுக்கு என்னால் முடிந்த பதிலை எழுதிவிட்டேன். ஒன்று பாக்கி. ஒன்பதாம் பக்கத்தில், வாளிக் கக்கூஸ் காலத்தில் கடைவீடுகளுக்குப் பின்னால் இருந்த சந்துகளையும், விடியுமுன் அங்கே மலவாளி எடுக்க வந்தவர்களையும் பற்றி ஒரு பத்தி இருக்கிறதே, அங்கே வைத்த துண்டு அக்கா. நான்காக மடித்திருந்தீர்கள். உள்ளே ஒரு எழுத்தும் இல்லை. போனில் கேட்க வாய் வரவில்லை. அந்தப் பத்தியில் ஒரு சொல்லையும் நான் தொடவில்லை.

வருகிற ஞாயிறு மகளைக் கூப்பிட வரும்போது ஒரு மணி நேரம் முன்னாடியே வாங்க. தேத்தண்ணி போட்டு வைக்கிறேன்.