ஸ்டியரிங் ரெக் மாற்றியும் தீராத ஆட்டம்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் முறைப்பாடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

முகாமையாளர் அவர்கட்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

விடயம்: டொயோட்டா கொரோலா 110 காரின் ஸ்டியரிங் திருத்தம் (பற்றுச்சீட்டுகளும் வேலைச்சீட்டின் பிரதியும் இணைக்கப்பட்டுள்ளன)

தங்கள் சேவை நிலையத்தில் எனது காருக்கு ஸ்டியரிங் ரெக் (ஸ்டியரிங்கின் திருப்பலை முன் சில்லுகளுக்குக் கொண்டுபோகும் பற்சட்டம்) மாற்றப்பட்டது. பழுதாகியிருந்தது ரெக் அல்ல. இடது பக்க டை ரொட் எண்டும் (ரெக்கிலிருந்து வரும் தண்டைச் சில்லோடு இணைக்கும் ஜொயின்ட்), அதே பக்க லோவர் ஆர்மின் (சில்லைக் கீழே பிடித்திருக்கும் கை) பின்பக்க ரப்பர் புஷ்ஷும்தான். அவை இரண்டையும் வேறோர் இடத்தில் மாற்றியாயிற்று, கார் இப்போது நேராக ஓடுகிறது. எனவே சந்தேகத்தின் பேரில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம்.

காரை ஒப்படைத்தபோது நான் சொன்னவை தங்கள் வேலைச்சீட்டிலேயே எழுதப்பட்டுள்ளன. காலி வீதியில் நேராகப் போகும்போதே ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிடித்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பிரேக் பிடித்தால் இடது பக்கம் இழுக்கிறது. நாரஹேன்பிட்டி ரயில் கடவையில் ஏறி இறங்கினால் முன் இடது பக்கத்தில் ‘டக்’ என்று சத்தம் கேட்கிறது. இவை மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் எந்த மெக்கானிக்கும் முதலில் இடது பக்க ஜொயின்ட்டுகளையும் புஷ்ஷையும்தான் சோதிப்பார். புஷ் கிழிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது ஆர்ம் பின்னுக்குத் தள்ளப்பட்டு அந்தச் சில்லின் கோணம் மாறிவிடும், கார் அந்தப் பக்கம் இழுக்கும். பிரேக் கட்டைகளை அழுத்தும் கலிப்பர் இறுகினாலும் இழுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதைப் பார்த்ததாகவும் தங்கள் சீட்டில் ஒரு வரி இல்லை.

பதிலாக நடந்தது இதுதான். தங்கள் சேவை ஆலோசகர் கணினியில் அச்சிட்ட அலைன்மென்ட் (சில்லுகளின் கோணத்தை அளந்து சரிசெய்தல்) தாளொன்றைக் கொண்டுவந்து, “ரெக் போயிட்டுது மிஸ், மாத்தாம ஓடினா ஆபத்து” என்றார். அந்தத் தாளில் சில்லுகள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பது இருக்கும். எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்பது இருக்காது. ஒயில் கசிந்தால் ரெக்கை மாற்றலாம், ரெக்கை நகர்த்தும் பற்சக்கரமான பினியனுக்கும் ரெக்குக்கும் இடையில் ஆட்டம் (தளர்வு) இருந்தாலும் மாற்றலாம். என் காரில் பவர் ஸ்டியரிங் ஒயில் குறைந்ததே இல்லை. ரெக்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறைகள் காய்ந்தே இருந்தன. ஆட்டம் எங்கே கண்டுபிடிக்கப்பட்டது, எத்தனை மில்லிமீற்றர் என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

ரெக் மாற்றிய பிறகும் ஆட்டம் அப்படியே இருந்தது. திரும்பக் கொண்டுவந்தபோது, “பழைய வாகனம்தானே மிஸ், இவ்வளவு ஆட்டம் இருக்கத்தான் செய்யும்” என்று சொல்லி, இன்னொரு தடவை அலைன்மென்ட் செய்து, அதற்கும் காசு வாங்கினீர்கள். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இந்த ஊரில் எத்தனையோ பேர் பழைய வாகனத்தைத்தான் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறோம். வயது ஒரு விளக்கமென்றால் தங்கள் நிலையத்துக்கே வேலையில்லை. என்ஜினை ஓடவிட்டு, சில்லுகளை நேராக வைத்து, சில்லு அசையத் தொடங்கும் வரை ஸ்டியரிங் எவ்வளவு சும்மா திரும்புகிறது என்று விளிம்பில் அளந்தால், டொயோட்டா திருத்தக் கையேடுகள் அனுமதிப்பது 30 மி.மீ. வரைதான். வீட்டு வாசலில் நான் அடிமட்டம் வைத்துப் பார்த்தபோது 50 மி.மீ. ஐத் தாண்டியது. அப்போது புதிதாகப் போட்ட ரெக்தான் உள்ளே இருந்தது.

பிறகு கிருலப்பனையில் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் சிறிய கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி முதலில் காரை ஜக்கில் தூக்கவில்லை. சில்லுகள் நிலத்தில் நிற்க, என்னை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, “அக்கா, நான் சொல்லும் மட்டும் மெதுவா இடம் வலம் ஆட்டிக்கொண்டே இருங்க” என்று சொல்லிவிட்டு அடியில் படுத்தார். ஒவ்வொரு ஜொயின்ட்டாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தவர் இடது டை ரொட் எண்டில் நிறுத்தினார். பிறகு நானும் குனிந்து விரலை வைத்துப் பார்த்தேன். ரொட் நகர்ந்து, ஒரு சிறு இடைவெளி விட்டு, அதன் பிறகே சில்லு நகர்ந்தது. விரல் நுனியில் அந்தத் தட்டல் தெளிவாகத் தெரிந்தது. ரப்பர் உறை வெடித்து, உள்ளே கிறீஸ் இருந்த இடத்தில் துருவும் மண்ணும் இருந்தன.

ஹொயிஸ்டில் (முழுக் காரையும் உயர்த்தும் இயந்திரம்) தூக்கினால் சில்லுகள் தொங்கும். நிலத்தின் பிடி இல்லாததால் ஸ்டியரிங்கைத் திருப்பினதும் சில்லும் கூடவே போய்விடும், சிறிய ஆட்டம் அகப்படாது. தங்கள் ஆட்கள் ஹொயிஸ்டில் மட்டும் பார்த்திருக்கலாம் என்று நினைக்கிறேன். ஜக்கில் தூக்கிப் பார்க்க வேண்டிய சோதனைகளும் உண்டுதான். அந்தத் தம்பி அவற்றை அதற்குப் பிறகு செய்தார். சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்து, போல் ஜொயின்ட்டிலும் பெயாரிங்கிலும் பிழையில்லை என்றார். லிவர் ஒன்றைச் செருகி நெம்பியபோதுதான் பின் புஷ்ஷின் ரப்பர் பாதிக்கு மேல் கிழிந்திருப்பது தெரிந்தது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதற்குப் பிறகுதான். ரெக்கைக் கழற்ற வேண்டுமென்றால் இரு பக்க டை ரொட் எண்டுகளையும் கழற்றியே ஆக வேண்டும். தாங்கள் போட்டது ரீகண்டிஷன் (பாவித்ததைப் புதுப்பித்த) ரெக், புதிய டை ரொட் எண்டுகள் பற்றுச்சீட்டில் இல்லை. அப்படியானால் தங்கள் மெக்கானிக் அந்தப் பழுதான ஜொயின்ட்டைக் கையில் எடுத்து, கறள்பிடித்த பந்து கையோடு ஆடுவதைப் பார்த்து, அதையே திரும்பவும் பூட்டியிருக்கிறார். அதன் மேல் அலைன்மென்டும் செய்திருக்கிறீர்கள். ஆடும் ஜொயின்ட்டை வைத்துக்கொண்டு எடுக்கும் அளவு கார் வாசலைத் தாண்டுவதற்குள் மாறிவிடும். அப்படிச் செய்ததற்கு இரண்டு முறை காசு கொடுத்திருக்கிறேன்.

அதைவிட மோசமானது ஒன்று. டை ரொட் எண்டின் நட்டு கழன்றுவிடாமல் இருக்க அதன் வெட்டுக்குள் ஸ்பிலிட் பின் ஒன்று போட வேண்டும். கழற்றிய ஒவ்வொரு முறையும் புதியது போட வேண்டும். விலையென்று சொல்ல ஒன்றுமில்லாத சாமான். என் காரின் இடது பக்கத்தில் அந்தத் துளையில் இருந்தது ஒரு மெல்லிய கட்டுக்கம்பித் துண்டு, ஒரு முறுக்கு முறுக்கி விடப்பட்டிருந்தது. நட்டு கழன்று ஜொயின்ட் விலகினால் அந்தச் சில்லு ஸ்டியரிங் சொல்வதைக் கேட்காது. இந்தக் காரில் தெற்கு அதிவேகப் பாதையில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் மாத்தறை போய் வந்திருக்கிறோம், பின் இருக்கையில் அம்மாவும் இருந்தார். இதைப் பற்றி எழுதும்போது எனக்கு மரியாதையான சொற்கள் அகப்படவில்லை, ஆகவே இத்துடன் விடுகிறேன்.

தனியார் காருக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் காட்டினால் போதும். பஸ், லொறிக்குக் கேட்கும் தகுதிச் சான்றிதழ் எங்களிடம் கேட்கப்படுவதில்லை. ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது தங்களைப் போன்ற நிலையங்கள் மட்டுமே. காசு கூடினாலும் பரவாயில்லை என்று பெரிய இடத்துக்கு வந்ததும் அதனால்தான்.

ரெக்கின் விலை, அதைப் பூட்டிய கூலி, இரண்டு அலைன்மென்ட் கட்டணங்கள் ஆகியவற்றை முழுமையாகத் திருப்பித் தருமாறு கேட்கிறேன். கழற்றிய என் பழைய ரெக் எனக்குச் சொந்தமானது. கசிவில்லாத அசல் ரெக்குக்குப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் என்ன விலை என்று தங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைத் திருப்பித் தாருங்கள், இல்லையேல் அதன் பெறுமதியைத் தாருங்கள். கட்டுக்கம்பி எப்படி வந்தது, அன்று யார் பரிசோதித்துக் கையெழுத்திட்டார் என்பதற்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். தொலைபேசியில் வருத்தம் தெரிவிப்பதை நான் பதிலாக ஏற்கமாட்டேன். அடுத்த சேவைக்குக் கழிவு தருவதாகச் சொல்லவும் வேண்டாம், அடுத்த சேவைக்கு நான் அங்கே வரப்போவதில்லை.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அந்த அதிகார சபையிடம் முறைப்பாடு செய்வேன்.

கழற்றிய டை ரொட் எண்ட், புஷ், கம்பித் துண்டு மூன்றும் என்னிடம் உள்ளன. அவற்றைத் தங்கள் தொழினுட்ப அதிகாரி என் வீட்டுக்கு வந்து பார்க்கலாம், படமெடுக்கலாம். கையில் கொடுத்தனுப்பமாட்டேன்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்