அட்டையின் பின்பக்கத்தையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வாசகர்கள் அனுப்பிய பழைய ஊர்ப் படங்களை வெளியிட்டிருந்தீர்கள். அவற்றில் மூன்று, படத் தபால் அட்டைகள். மூன்றிலும் படம் இருக்கும் பக்கம் மட்டுமே வந்திருந்தது. எனக்கு அது பெரிய ஏமாற்றம். காரணத்தைச் சொல்கிறேன்.

பொறையாறில் அத்தை வீட்டைக் காலி செய்தபோது, ட்ரங்குப் பெட்டிக்குள் ஓர் அட்டை கிடைத்தது. முன்பக்கம் தரங்கம்பாடிக் கோட்டை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டென்மார்க்காரர்கள் கட்டிய அதே கோட்டைதான். படம் அழகாக இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்து எந்தக் காலம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கடலும் சுவரும் இன்றைக்கும் அப்படியேதான் நிற்கின்றன.

திருப்பிப் பார்த்தேன். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட தபால் தலை. முத்திரையில் மை பரவி வருஷம் அழிந்துவிட்டது. விலாசத்தில் என் தாத்தா பெயர், அதன் கீழே ‘மாயவரம், தஞ்சாவூர் ஜில்லா’. இடது பக்கம் அவருடைய அண்ணன் பென்சிலில் எழுதிய இரண்டே வரி: ‘வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலில் வருகிறேன். இனி மாட்டு வண்டி அனுப்ப வேண்டாம்.’

அந்த ‘இனி’யில்தான் நான் நின்றுவிட்டேன். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் வந்தது 1926இல். ஆறாம் ஜார்ஜ் தலைகள் 1937இல் வந்தன. பழைய தலையைச் சில காலம் ஒட்டியிருப்பார்கள் என்றாலும், அட்டை ஏறக்குறைய இந்தப் பத்தாண்டுக்குள் அடங்கிவிடுகிறது. ‘இனி’ என்று எழுதியதைப் பார்த்தால், ரயில் வந்த புதிதில் எழுதியதாகவே எனக்குத் தோன்றுகிறது. படம் அதற்கும் முந்தியதாக இருக்கலாம். அச்சடித்த அட்டைகள் கடைகளில் வருஷக் கணக்கில் கிடப்பதும் உண்டல்லவா?

அந்த ரயிலுக்குத் தரங்கம்பாடி காத்திருந்த காலம் கொஞ்சமில்லை. 1845இல் டென்மார்க்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் துறைமுக வியாபாரம் அங்கே போய்விட்டது. அதிலிருந்து 65 வருஷம் கழித்துத்தான் இந்த ஊர் தனக்கென்று ஒரு ரயிலைப் பார்த்தது. அதுவும் 1986இல் நின்றுபோனது. கோட்டைப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் இதெல்லாம் தெரியாது.

விலாசத்தையும் பாருங்கள். மாயவரம் 1982இல் மயிலாடுதுறை ஆயிற்று. தஞ்சாவூர் ஜில்லாவாக இருந்தது 1991இல் நாகை மாவட்டமாகி, 2020இல் மயிலாடுதுறையே தனி மாவட்டம் ஆகிவிட்டது. தாத்தாவின் வீடு இருந்த தெரு மட்டும் அங்கேயேதான் இருக்கிறது.

இவ்வளவு சொல்லும் பக்கத்தைத்தான் நாம் ஆல்பத்தில் பசை தடவி ஒட்டிவிடுகிறோம். தபால் தலைக்காகத் தண்ணீரில் ஊறவைத்து உரிப்பவர்களும் இருக்கிறார்கள். தலையோடு முத்திரையின் பாதியும் போய்விடுகிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அட்டை அனுப்பும் வாசகர்களிடம் இரண்டு பக்கத்தையும் கேட்டு வாங்கி, இரண்டையும் அச்சிடுங்கள். இடம் போதாவிட்டால் படத்தைச் சிறியதாகப் போடலாம். சொந்த விஷயம் ஏதாவது எழுதியிருந்தால் அந்த வரிகளை மட்டும் மறைத்துவிட்டால் சரி.

அப்புறம், ஒரு வேண்டுகோள். தரங்கம்பாடி ரயில் நிலையத்தின் பழைய படம் எங்கள் குடும்பத்தில் யாரிடமும் இல்லை. பொறையாறு, திருக்கடையூர், ஆக்கூர் பக்கத்து வாசகர்கள் யாரிடமாவது இருந்தால் இதழுக்கு அனுப்பி வையுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயிலாடுதுறை