நீங்கள் வைத்துக்கொண்டவையும் கைவிட்டவையும்: கிடங்கு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கிடங்குகளை நடத்தும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கும் பாதுகாப்புப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். பல ஆண்டுகள் சரக்கு எடுப்பதிலும் ஏற்றுவதிலும் கழித்துவிட்டு, பிறகு தொழிலாளர்களின் சார்பில் பாதுகாப்புக் குழுவில் இடம்பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கொரோனா தொற்றை 2020 ஜனவரி 30 அன்று சர்வதேச அவசரநிலையாக அறிவித்த உலக சுகாதார நிறுவனம், 2023 மே 5 அன்று அந்த அவசரநிலை முடிந்ததாகச் சொன்னது. இடைப்பட்ட காலத்தில் மற்றவர்கள் வீட்டுக்குள் இருக்க, நாங்கள் வேலைக்கு வந்துகொண்டிருந்தோம். எங்களை அத்தியாவசியப் பணியாளர்கள் என்று அழைத்தீர்கள். அந்தப் பட்டம் வழக்கொழிந்ததில் எனக்கு வருத்தமில்லை. அதனோடு சேர்ந்து வந்த ஏற்பாடுகளில் எவற்றை வைத்துக்கொண்டீர்கள், எவற்றைக் கைவிட்டீர்கள் என்பதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

வைத்துக்கொண்டவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிபவை. தரையில் ஒட்டிய இடைவெளி வட்டங்கள் பாதி தேய்ந்தும் கிடக்கின்றன, வாசலில் கிருமிநாசினிக் குப்பி நிற்கிறது. தொட்ட பரப்பிலிருந்து ஒருமுறை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலிலேயே கூறிவிட்டது. கை கழுவுவது வேறு பல நோய்களுக்கு நல்லது, அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் பெட்டிகளைத் துடைப்பதற்குக் காட்டிய அக்கறையில் பாதியைக்கூட நாங்கள் சுவாசிக்கும் காற்றுக்கு யாரும் காட்டவில்லை.

கூரை உயரமாக இருப்பதால் கிடங்கு காற்றோட்டமான இடம் என்று ஓர் எண்ணம் பரவலாக இருக்கிறது. ரேக்குகளுக்கு நடுவே ஒருவர் தனியாக நடக்கும் வரை அது ஓரளவு சரிதான். ஆனால் எங்கள் வேலைநாளில் ஆபத்து திரண்டு நிற்கும் இடங்கள் வேறு: ஷிப்ட் மாறும்போது வெளியேறும் சோதனை வரிசை, உடை மாற்றும் அறை, இருபது நிமிட இடைவேளையில் எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சாப்பிடும் ஓய்வறை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும் கன்டெய்னரின் உட்புறம். அங்கே இரண்டு பேர் தோளோடு தோள் நின்று, மூச்சிரைக்க, பெட்டிகளை இறக்குகிறார்கள். உடல் உழைப்பில் மூச்சு வேகமெடுக்க எடுக்க, வெளியேறும் நுண்துளிகளும் கூடுகின்றன. கூரையில் சுழலும் பெரிய மின்விசிறிகளைக் காட்டி நீங்கள் பதில் சொல்வதுண்டு. அவை உள்ளே இருக்கும் காற்றையே கலக்குகின்றன, வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை.

இதை அளப்பது கடினமன்று. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு இருக்கிறது; ஓர் அறையில் அது 800-ஐத் தாண்டினால், பிறர் விட்ட மூச்சை நாம் அதிகமாகவே இழுக்கிறோம் என்று பொருள். ஆள் புழங்கும் அறைகளில் மணிக்கு ஐந்து முறையாவது காற்று முழுமையாக மாற வேண்டும் என்பது 2023 மே மாதத்திலிருந்து அதே நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை. நல்ல வடிகட்டி வழியே சுத்தமாகும் காற்றும் அதில் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. உள்ளே டீசலிலோ எரிவாயுவிலோ ஓடும் ஃபோர்க்லிஃப்ட் இருந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும் அபாயத்துக்கும் இதே காற்றோட்டம் தேவைப்படும். அடுத்த தொற்று வராமலே போனாலும் இந்தச் செலவு வீணாகாது.

காற்றைவிடவும் பெரிய விஷயம் விடுப்பு. வாசலில் நெற்றியில் வைத்த வெப்பமானியைக் கடக்க, அரை மணி நேரம் முன்பே காய்ச்சல் மாத்திரை விழுங்கிவிட்டு வந்த சக ஊழியரை எனக்குத் தெரியும். அவர் பொறுப்பற்றவர் அல்லர். ஒரு நாள் வராவிட்டால் அந்த நாள் சம்பளம் போகும், மாத வருகை ஊக்கத்தொகை போகும், ஒப்பந்ததாரர் மறுநாள் அவரை அழைக்காமலும் விடலாம் என்னும்போது, அவர் எடுத்த முடிவு நீங்கள் வகுத்த விதிகளின் நேரடி விளைவு. அறிகுறி தெரிவதற்கு முன்பே தொற்று பரவக்கூடியது என்பதால் வெப்பமானி எப்படியும் அரைகுறைக் காவல்தான். நோயுற்றவர் வருமானம் இழக்காமல் வீட்டில் இருக்க முடிவது அதைவிட உறுதியான காவல். அந்த உரிமை நிரந்தர ஊழியருக்கு மட்டும் இருந்து, அதே ரேக்கில் அவரோடு வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு இல்லையென்றால், காவல் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

தொற்றிலிருந்து மீண்டு வேலைக்குத் திரும்பி வந்தவர்களைப் பற்றியும் ஒரு சொல். தொற்றுக்குப் பின் மூன்று மாதங்களுக்குள் தென்பட்டு, குறைந்தது இரண்டு மாதங்கள் நீடிக்கும் களைப்பு, மூச்சுத்திணறல், மறதி போன்றவற்றுக்கு 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் முறையான வரையறை தந்தது. வெளியே பார்த்தால் ஆள் நன்றாகத்தான் இருப்பார். எடுக்கும் ஒவ்வொரு பொருளையும் பதிவு செய்யும், கையிலிருக்கும் ஸ்கேனர் எல்லோருக்கும் ஒரே வேகத்தைத்தான் கேட்கும்; அவரோ மூன்றாம் மணி நேரத்திலேயே தளர்ந்துவிடுவார், சிலருக்கு உழைத்த மறுநாள்தான் உடல் முறியும். கவனம் சிதறும் ஒருவரை ஃபோர்க்லிஃப்டில் உட்கார வைப்பது அவருக்கும் எதிரே நடப்பவருக்கும் ஆபத்து. சுமை விஷயத்திலும் அப்படியே: கையால் தூக்குவதற்கு அமெரிக்கத் தொழில்நலக் கழகத்தின் 1991 சூத்திரம் வைக்கும் 23 கிலோ என்ற உச்சவரம்பு, உடலோடு ஒட்டி, திரும்பாமல், எப்போதாவது தூக்கும் உகந்த நிலைக்கானது, கை நீட்டினாலோ உடலைத் திருப்பினாலோ அடிக்கடி தூக்கினாலோ அந்த எண் மளமளவெனக் குறையும். தொற்றுக்காலத்தில் வந்து குவிந்த ஆர்டர்களுக்காக உயர்த்திய மணிநேர இலக்கு அப்படியே நின்றுவிட்ட கிடங்குகளில் இந்தக் கணக்கை யாரும் திரும்பப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நாங்கள் கேட்பது சலுகையன்று. பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழலைத் தொழிலாளர்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2022 ஜூனில் சேர்த்தது. 2025 ஜூனில், பணியிடத்தில் கிருமிகள் உள்ளிட்ட உயிரியல் அபாயங்களுக்கென்றே 192-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான கடும் ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பி வேலையிலிருந்து விலகுபவரைப் பழிவாங்கக் கூடாது என்பதோ 1981-ஆம் ஆண்டின் 155-ஆம் உடன்படிக்கையிலிருந்தே எழுத்தில் இருக்கிறது.

ஆகவே தொடக்கமாக ஒன்றைச் செய்யுங்கள். அடுத்த மாதத்துக்குள், ஷிப்ட் மாறும் நேரத்தில், ஓய்வறையிலும் உடை மாற்றும் அறையிலும் கரியமில வாயு அளவை ஒரு வாரம் அளந்து, அந்த எண்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அதன் பக்கத்திலேயே, உங்கள் கிடங்கில் ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் காய்ச்சலோடு வீட்டில் தங்கினால் அந்த நாளுக்கு அவருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் ஒரே வரியில் எழுதி ஒட்டுங்கள். மணிநேர இலக்கைப் பற்றிப் பேச அடுத்த பாதுகாப்புக் குழுக் கூட்டத்துக்கு அந்த இரண்டு தாள்களோடும் வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு கிடங்குத் தொழிலாளர்