பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால்: செட்டிநாட்டு வீடுகளின் பங்காளிகளுக்கு

பங்காளிகள் அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடியில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கிறேன். பாடப் புத்தகமும் நாவலும் என்னிடம் அதிகம் கிடையாது. இந்தப் பக்கத்து ஊர்கள், கோயில்கள், உங்கள் முன்னோர் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போன நாடுகள், இவற்றைப் பற்றி அச்சான பழசு எதுவானாலும் தேடி வாங்கி விற்பதுதான் தொழில். உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. வீட்டை இடிக்கும்போதும் பங்கு பிரிக்கும்போதும் தேக்குத் தூணுக்கு ஆள் வருகிறது, எனாமல் பாத்திரத்துக்கு முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நல்ல விலை கிடைக்கிறது, புத்தகம் மட்டும் எடைக்குப் போகிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

போன மாசியில் ஒரு வீட்டில் மேல்மாடி அறையைக் காலி செய்கிறார்கள் என்று தகவல் வந்து ஓடினேன். நான் போவதற்குள் மூட்டைகள் டெம்போவில் ஏறிவிட்டன. அட்டையை எல்லாம் கிழித்துத் தனிச் சாக்கில் போட்டிருந்தார்கள். கெஞ்சிக் கேட்டு இரண்டு மூட்டையைப் பிரித்துப் பார்த்ததில் ரங்கூன் கடை ஒன்றின் ஐந்தொகை (வரவு செலவு, சொத்துக் கடன் முடிவுக் கணக்கு) பாதியும், முகப்புப் பக்கம் போன ஒரு கும்மிப் பாட்டுப் புத்தகமும் கிடைத்தன. அந்தக் கும்மி எந்த ஊர் அம்மனுக்கு, யார் பாடியது, எந்த வருஷம், ஒன்றும் தெரியவில்லை. அதைச் சொல்லியிருக்கக்கூடிய தாள் பக்கத்துச் சாக்கில் எங்கோ இருந்திருக்கும். அந்தப் புத்தகத்தை இன்னும் வைத்திருக்கிறேன், விற்க மனசு வரவில்லை.

அந்த வீட்டுக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. பத்துப் பதினைந்து புள்ளி (கல்யாணமான பங்காளிக் குடும்பம்) உள்ள வீடு, ஆளுக்கு ஒரு ஊர், எல்லோரும் ஒன்றாகக் கூடுவது முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோதான், மழையில் மேல்மாடி ஒழுகுகிறது, யாராவது ஒருவர் போனிலேயே பேசி முடித்துவிட வேண்டியிருக்கிறது. எது முக்கியம் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் அவர்களே எடுத்து வைத்திருப்பார்கள்.

சரி, எது முக்கியம்? உ.வே.சாமிநாதையர் 1887ல் பதிப்பித்த சீவக சிந்தாமணி உங்கள் அலமாரியில் இருந்தால் எனக்குக் கை நடுங்கும், நல்ல விலையும் கொடுப்பேன். ஆனால் அது நூலகங்களிலும் இருக்கிறது. எங்கேயும் இல்லாதவை நீங்கள் குப்பை என்று நினைக்கிற மெல்லிசான தாள்கள்: கும்பாபிஷேகப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், காலணா அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகம், சீர் சாமான் பட்டியல், சங்கத்து ஆண்டறிக்கை. காரைக்குடி இந்து மதாபிமான சங்கம் 1917ல் தொடங்கியது, 1919ல் பாரதி அங்கே வந்தார், இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த வருஷங்களில் இங்கே யார் என்ன படித்தார்கள், எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பது 1920களில் காரைக்குடியிலிருந்து வந்த ஊழியன், குமரன் போன்ற பத்திரிகைகளில்தான் இருக்கிறது. அவற்றின் உதிரி இதழ் ஒன்று கிடைத்தாலும் பெரிய விஷயம்.

அப்புறம் பர்மா. 1930களின் முடிவில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் அங்கே வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார், அதாவது நம் செட்டியார்கள், கைக்கு வந்திருந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்து, கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்ப முடியாமல் போய், அடமானம் வைத்த நிலம் வந்து சேர்ந்தது. 1942ல் ஜப்பான்காரன் வந்தபோது அங்கே இருந்தவர்கள் விட்டது விட்டபடி ஓடிவந்தார்கள். அந்த வரவு செலவை அரசாங்க அறிக்கைகளில் மொத்தக் கணக்காகப் படிக்கலாம். ஒரு கடையில் அடுத்தாளுக்கு (முதலாளியின் ஏஜெண்டுக்கு உதவியாளருக்கு) என்ன சம்பளம், எந்த ஊர்க் குடியானவருக்கு என்ன வட்டி என்பது உங்கள் ஐயா வைத்திருந்த பேரேட்டில்தான் இருக்கும். அந்தப் பேரேடுதான் முதலில் எடைக்குப் போகிறது, கனமாக இருப்பதால்.

வருஷம் போடவில்லையே, பழசா புதுசா என்று பலர் கேட்கிறார்கள். முகப்பில் தமிழ் வருஷப் பெயர் இருக்கும், பாருங்கள். சர்வஜித்து என்று இருந்தால் 1827, 1887, 1947 மூன்றில் ஒன்று, எழுத்தையும் தாளையும் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். தாள் பழுப்பேறி நொறுங்குவதை வைத்து வயசைக் கணக்குப் போடாதீர்கள். கந்தல் துணியில் செய்த பழைய தாள் நன்றாகவே இருக்கும், மரக்கூழில் செய்த பிற்காலத் தாள்தான் அமிலத்தால் உடைகிறது, அதிலும் 1940களின் போர்க்காலத் தாள் தொட்டாலே உதிரும். வெயிலில் காயப் போட வேண்டாம், செலோ டேப் ஒட்டவே வேண்டாம். பூச்சி இருந்தால் அந்த அடுக்கை மட்டும் தள்ளி வையுங்கள், போதும்.

இன்னொன்று, என் வியாபாரத்துக்கு எதிரானது. ஒரு வீட்டுப் புத்தகங்கள் முழுசாக, வரிசை கலையாமல் இருந்தால் எனக்குக் கொடுக்காதீர்கள். நான் அவற்றைப் பிரித்துத்தான் விற்பேன், ஒன்று மதுரைக்குப் போகும், ஒன்று லண்டனுக்குப் போகும், ஒரே வீட்டில் இவையெல்லாம் சேர்ந்து இருந்தன என்ற செய்தி அதோடு போய்விடும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சென்னையில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தபடி மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்க ஆரம்பித்தவர். கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று எதையும் விடாமல் சேர்த்தார். அவர் 1992ல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அத்தனையையும் மொத்தமாக வாங்கி, சென்னையிலேயே நூலகமாக்கியது. சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் பிரியாமல் ஒரே இடத்தில் இருப்பதால்தான் இன்றைக்கு அதில் ஆராய்ச்சி நடக்கிறது. அங்கே கேளுங்கள், புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்தில் கேளுங்கள். அவர்களுக்கு வேண்டாதது, இரண்டாம் பிரதி, உதிரி, அதை எனக்குக் கொடுங்கள்.

எடுக்கும்போது எந்த அறை, எந்தப் பெட்டி, யார் பெயர் எழுதியிருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வீட்டில் வயசான ஆச்சி இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டு எழுதுங்கள், பாதிப் பேரை அவருக்குத்தான் தெரியும்.

வந்து பார்ப்பதற்கு நான் காசு வாங்குவதில்லை. பார்த்துவிட்டு எங்கே கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போவேன், அன்றைக்கே விற்க வேண்டும் என்பதில்லை. ஏணியும் டார்ச்சும் நானே கொண்டுவருகிறேன். மேல்மாடி அறைச் சாவி எந்தப் பங்காளியிடம் இருக்கிறது என்று மட்டும் விசாரித்து வையுங்கள்.