பாதித் தகவலோடு ஒரு வேலை கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி முடித்து வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு வேண்டிய ‘எதிர்காலத் திறன்கள்’ என்று உங்கள் இதழில் வந்த பட்டியலைப் படித்தேன். பகுத்தறியும் சிந்தனை, படைப்பாற்றல், குழுப்பணி, பேச்சுத் திறன், செயற்கை நுண்ணறிவு. பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கி இவற்றைச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று கட்டுரை நம்புகிறதே, அங்கேதான் இடிக்கிறது. ‘குழுப்பணியின் 5 நன்மைகள்’ என்று குறிப்பெடுத்து மனப்பாடம் செய்து தேர்வெழுதும் பிள்ளைக்குக் கிடைப்பது இன்னொரு ஏட்டுச் சுரைக்காய்.

கட்டுரையில் வந்த எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2030-க்குள் பணியாளர்களின் முக்கியத் திறன்களில் 39 விழுக்காடு மாறிவிடும் என்று நிறுவனங்கள் எதிர்பார்ப்பதாக உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கை சொல்வது உண்மை. அதே கேள்விக்கு 2020-இல் வந்த எண் 57, 2023-இல் 44. எண் இறங்கிக்கொண்டு வருகிறது, பதற்றம்தான் ஏறுகிறது. நிறுவனங்கள் அதிகம் கேட்கும் திறன் என்று அந்த அறிக்கை முதலிடத்தில் வைத்திருப்பது பகுப்பாய்வுச் சிந்தனையை. பத்தில் ஏழு நிறுவனங்கள் அதை இன்றியமையாதது என்கின்றன. எந்த மென்பொருளின் பெயரும் அந்த இடத்தில் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் பிள்ளைகள் தடுமாறுவது எங்கே என்று பாருங்கள். பள்ளிக் கணக்கில் வேண்டிய தகவல் முழுவதும் கேள்விக்குள்ளேயே இருக்கும். குறையவும் குறையாது, மிஞ்சவும் மிஞ்சாது. விடை ஒன்றுதான். அதைப் படிக்கப்போகிறவரும் ஒருவர்தான், அவருக்கு விடை முன்பே தெரியும். மதிப்பெண் போட்டதும் தாள் கட்டுக்குள் போய்விடும். வேலையிடத்திலோ, “போன மாச லிஸ்ட்டைச் சரிபண்ணி மத்தியானத்துக்குள்ள அனுப்பிடுங்க” என்று ஒரு வரி வரும். எந்த லிஸ்ட், எதைச் சரிபண்ண, யாருக்கு அனுப்ப, அவர் அதை வைத்து என்ன செய்யப்போகிறார் என்று நான்கு கேள்விகள் அந்த வரிக்குள் ஒளிந்திருக்கின்றன. புதியவர், கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைப்பார்களோ எனப் பயந்து ஊகத்தில் செய்து முடிப்பார். இல்லையென்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய் ஒவ்வொன்றாகக் கேட்பார். இரண்டுமே பள்ளிப் பழக்கத்தின் மிச்சம்.

இதை வகுப்பறையிலேயே பழக்கலாம். பெரிய செலவு வேண்டாம். ஒரு கணினிக்கு இருவர். 120 வரி, 6 நெடுவரிசை கொண்ட ஒரு விரிதாள் (எக்செல் போன்ற மென்பொருளில் போடும் அட்டவணை). கற்பனைப் பெயர்களும் எண்களும் போதும். அதில் வேண்டுமென்றே பிழைகளை விதைத்து வைக்க வேண்டும். அலுவலகங்களில் அன்றாடம் காணும் பிழைகளாக இருப்பது முக்கியம். தேதி நெடுவரிசையில் 03/04/2025 என்று இருந்தால் அது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? மாதத்தை முன்னால் எழுதும் அமைப்புள்ள கணினி அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 25/04/2025-ஐப் பார்த்ததும் 25-ஆம் மாதம் கிடையாது என்பதால் வெறும் எழுத்தாக விட்டுவிடும். பிறகு தேதிவாரியாக அடுக்கினால் பாதி வரிகள் அடியில் போய் நிற்கும், காரணம் புரியாது. தொலைபேசி எண்ணின் முன்னால் இருந்த பூஜ்யம் காணாமல் போயிருக்கும். 16 இலக்க அட்டை எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாக மாறியிருக்கும். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும் என்பது அதற்குக் காரணம். அந்தக் கட்டத்தைப் பின்னால் எழுத்து வடிவத்துக்கு மாற்றினாலும் போன இலக்கம் திரும்பாது, மூல ஆவணத்துக்குத்தான் போக வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது, இலக்கங்களாகவே தெரிந்தாலும் எண்ணாக இல்லாமல் எழுத்து வடிவத்தில் பதிவான தொகை. கூட்டல் சூத்திரம் (SUM) அதை ஓசைப்படாமல் தாண்டிப் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது, கூட்டுத்தொகை மட்டும் குறையும். தொகை கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பது கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளம். அந்த இடது ஓரத்தைத் தானாகக் கவனித்த மாணவிக்குப் பகுப்பாய்வுச் சிந்தனை என்றால் என்னவென்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

வகுப்பு நடக்க வேண்டிய முறை இது. பலகையில் ஒரே வரி: “இந்தப் பட்டியலைச் சரிசெய்து பக்கத்துக் குழுவிடம் கொடுங்கள்.” அடுத்த 5 நிமிடம் கேள்வி நேரம். கேள்விகளை எழுதிச் சேர்த்து ஒரே தடவையில் கேட்க வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில். கேட்காததை ஆசிரியர் தானாகச் சொல்லக் கூடாது. பிறகு 40 நிமிடம் வேலை. இருபதாவது நிமிடத்தில் ஒவ்வொரு ஜோடியும் ஒரு வரி எழுதித் தர வேண்டும்: எவ்வளவு முடிந்தது, எவ்வளவு மிச்சம், நேரத்துக்குள் முடியுமா. முதல் தடவை ஏறக்குறைய எல்லாச் சீட்டிலும் “முடிச்சிடுவோம் சார்” என்றுதான் இருக்கும். தாமதமாகும் என்பதை முன்கூட்டிச் சொல்வதும் வேலையில் ஒரு பங்கு என்று அதுவரை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. நேரம் முடிந்ததும் தாள் கை மாறும். வாங்கும் குழு அந்தத் தாளை மட்டும் வைத்து, வரிக்கு ஒன்றாக 10 பேருக்கு நினைவூட்டுக் கடிதம் எழுத வேண்டும். எங்கே எழுத முடியாமல் நிற்கிறார்களோ அங்கே பிழை. குறித்துத் திருப்பி அனுப்புவார்கள். கொடுத்தவர்கள் திருத்தி மறுபடி தர வேண்டும், மதிப்பெண் அந்த இரண்டாவது வடிவத்துக்கு மட்டும்.

இது கெட்டுப்போகும் வழிகளும் உண்டு. பிள்ளைகள் திணறுவார்களே என்று ஆசிரியரே முதல்நாள் உட்கார்ந்து பாதிப் பிழைகளைத் துடைத்துவிடுவார். அல்லது மணி அடித்துவிடும், திருப்பி அனுப்பும் கட்டம் நடக்காமலே போகும். அந்தக் கட்டம் இல்லையென்றால் மற்றதெல்லாம் வழக்கமான செய்முறை வகுப்புதான். ஆகவே அடுத்தடுத்த இரண்டு பாடவேளை கிடைக்காத பள்ளி, திருத்தத்தை மறுவாரத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். விட்டுவிட மட்டும் வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவுக்கும் இதே உரைகல்தான். கேள்வியை எப்படி அழகாகக் கேட்பது என்பதிலேயே பயிற்சிகள் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. மூன்று பக்க ஆவணம் ஒன்றைக் கொடுத்து, கருவியிடம் சுருக்கம் வாங்கச் சொல்லுங்கள். பிறகு சுருக்கத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் பெயரையும் தேதியையும் அடிக்கோடிட்டு, மூலத்தில் அது எந்தப் பத்தியில் இருக்கிறது என்று ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். குறிக்க முடியாதது வெளியே போக வேண்டும். விட்டால் மாணவர்கள் நடையைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். வாக்கியம் வழவழப்பாக இருந்தால் தகவலும் சரியாகத்தான் இருக்கும் என்று மனம் நம்பிவிடுகிறது. மூலத்தில் இருந்த முக்கியமான ஒரு நிபந்தனை சுருக்கத்தில் விடுபட்டிருந்தால், அடிக்கோடு போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஆவணத்தை முழுவதும் படித்தே ஆக வேண்டும்.

பணியிட அனுபவம் என்ற பெயரில் பிள்ளைகளை இரண்டு வாரம் நிறுவனங்களுக்கு அனுப்புவதைக் கட்டுரை பாராட்டுகிறது. அனுப்புவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பிள்ளைக்குப் பொறுப்பான ஆள் யார்? நிறுவனத்தின் பெயர் போதாது, ஆளின் பெயர் வேண்டும். அது இல்லாத இடத்தில் பிள்ளை மூலையில் உட்கார்ந்து நகலெடுத்துவிட்டுச் சான்றிதழோடு திரும்பும். 10 வேலைநாளில் முதல் நாள் பாதுகாப்பு விதிகளுக்கும் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று அறியவும். இரண்டாம், மூன்றாம் நாள் ஒருவரின் பக்கத்தில் நின்று பார்க்க. நான்காம் நாளிலிருந்து சின்னதாக ஒரு வேலை, பிள்ளையின் முழுப் பொறுப்பில். ஐந்தாம் நாள் பொறுப்பாளரோடு 20 நிமிடப் பேச்சு. கடைசி நாள், அந்த வேலையை அடுத்து வருபவர் தொடர்வதற்கு ஒரு பக்கக் குறிப்பு. நாட்குறிப்புக்கு நாளுக்கு மூன்று வரி போதும்: என்ன செய்தேன், எங்கே நின்றேன், யாரிடம் கேட்டேன். பக்கம் பக்கமாகக் கேட்டால் பத்தாம் நாள் இரவில் மொத்தமாக எழுதப்படும். பள்ளி ஆசிரியர் நிறைவு விழாவுக்குப் போவதைவிட நான்காம் நாள் போய்ப் பார்ப்பது மேல்; கோளாறு இருந்தால் திருத்த அப்போது நாள் மிச்சமிருக்கும்.

ஜெர்மனியின் இரட்டை முறையை அப்படியே கொண்டுவரலாம் என்று கட்டுரை முடிகிறது. வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில், ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியில் என்பது மட்டுமே அந்த முறை ஆகிவிடாது. 1969-ஆம் ஆண்டின் தொழிற்கல்விச் சட்டம் அதற்கு முதுகெலும்பு. பயிலுநருக்கு எழுத்து ஒப்பந்தமும் உதவித்தொகையும் உண்டு. இறுதித் தேர்வை நடத்துவது தொழில், வணிகச் சபைகள். நிறுவனத்தில் பயிற்சி தருபவரும் கற்பிக்கும் தகுதியைத் தேர்வு மூலம் நிரூபிக்க வேண்டும். கால அட்டவணையை மட்டும் நகலெடுத்து, இந்த நான்கையும் விட்டுவிட்டால் கிடைப்பது மலிவான கூலியாள்தான்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஹனுஷெக் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தொழிற்கல்வி பெற்றவர்களுக்கு இளம் வயதில் வேலை கிடைப்பதில் இருக்கும் சாதகம் வயது ஏற ஏறத் தேய்ந்துபோவது தெரிந்தது. ஒரு தொழிலுக்கு மட்டும் பழகிய கை, அந்தத் தொழில் மாறும்போது திண்டாடுகிறது. திறன் வகுப்புக்காகக் கணக்கிலும் வாசிப்பிலும் நேரத்தைப் பிடுங்கும் பள்ளிகள் இதைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன விரிதாள் பயிற்சியைக் கணக்குப் பாடவேளையிலும், சுருக்கப் பயிற்சியை மொழிப் பாடவேளையிலும் நடத்தலாம். தனிப் பாடவேளையே தேவைப்படாது.

உங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். வாரந்தோறும் வரும் ‘எந்தப் படிப்புக்கு எந்த வேலை’ பக்கத்தில் கால் பக்கத்தை ஒதுக்கி, ஏதாவது ஒரு பணியிடத்தில் புதியவருக்கு முதல் வாரம் தரப்படும் வேலை ஒன்றை, தந்த சொற்களிலேயே அச்சிடுங்கள். மருந்துக் கிடங்கின் இருப்புக் கணக்கு, பழுது பார்க்க வந்த வண்டியின் வேலைச் சீட்டு, ஒரு வாடிக்கையாளரின் புகார்க் கடிதம், எதுவானாலும் சரி. ஆட்களின் பெயரையும் எண்களையும் நீக்கிவிட்டு, குழப்பத்தை அப்படியே விட்டுவையுங்கள். ஆசிரியர்கள் அதை வெட்டியெடுத்து மறுநாளே வகுப்புக்குக் கொண்டுபோவார்கள்.

இப்படிக்கு,
பள்ளி மாணவர்களுக்கான பணியிடப் பயிற்சியில் ஈடுபட்டுள்ள ஒரு வாசகர்