எந்தத் தோட்டாவுக்கு 5,000?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் ரைபிள் பராமரிப்புக் கட்டுரையில் ‘ஒரு பேரல் 5,000 ரவுண்டு தாங்கும்’ என்று, அதாவது துப்பாக்கிக் குழல் 5,000 முறை சுடும் வரை குறி தவறாது என்று, ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதைப் படித்துவிட்டு, என்னிடம் சுடப் பழகும் பையன் ஒருவன் தன் .22 ரைபிளைத் (எண், குழல் துளையின் அகலம், ஏறக்குறைய அங்குலத்தில்) தூக்கிக்கொண்டு வந்து நின்றான். “6,000 தாண்டிடுச்சு சார், பேரலை மாத்திடலாமா?”

.22 ரிம்ஃபயருக்கு (அடிப்பக்க விளிம்பில் தட்டினால் வெடிக்கும் சின்னத் தோட்டா) 6,000 எல்லாம் ஒரு கணக்கே இல்லை. மெத்தென்ற ஈயக் குண்டு, துளி வெடிமருந்து, குறைந்த அழுத்தம். பல பத்தாயிரம் ரவுண்டு சுட்ட பிறகும் அந்தப் பேரல்கள் குறி தவறுவதில்லை. அதே 5,000-ஐ மருந்து அதிகம் அடைத்த .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவிடம் எதிர்பார்த்தால் ஏமாந்துதான் போவோம். 2,000-ஐ ஒட்டியே அதற்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். கட்டுரையாளர் மனதில் இருந்தது .308 தோட்டா என்று நினைக்கிறேன். அதற்கு உங்கள் எண் ஏறக்குறைய சரி.

குண்டு உரசி உரசித்தான் பேரல் தேய்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உரசலை விட நெருப்புதான் பெரிய எதிரி. தோட்டா உட்காரும் அறையைத் தாண்டி, குண்டைச் சுழல வைக்கும் வரிப்பள்ளம் தொடங்கும் இடத்தைத் தொண்டை என்போம். 2,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல் கொதிக்கும் வாயு, பேரழுத்தத்தோடு முதலில் அங்கேதான் மோதுகிறது. ஒவ்வொரு சூட்டிலும் எஃகின் மேல்தோல் சட்டென்று காய்ந்து சட்டென்று ஆறுகிறது. பெரிய தோட்டாவின் மருந்து முழுவதும் சின்னத் துளை வழியாக வெளியேற வேண்டியிருந்தால் கேடு இன்னும் சீக்கிரம் வரும். குண்டு பேரலைக் கடக்க ஆயிரத்தில் ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். அப்படியானால் 5,000 ரவுண்டு உழைத்த பேரல் மொத்தமாக வேலை பார்த்தது ஆறேழு விநாடி!

என் .243 ரைபிளின் தொண்டைக்குள் 1,800 ரவுண்டுக்குப் பிறகு போரோஸ்கோப்பை (குழலுக்குள் எட்டிப் பார்க்கும் கருவி) விட்டுப் பார்த்தேன். வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்த சேறு போல இருந்தது. நாலு விரற்கடை தள்ளிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. பின்பக்கம் ஓர் அங்குலம் அறுத்து, புதிதாக அறை கடைந்ததில் இன்னும் 700 ரவுண்டு ஓடியது. அவசரப்பட்டு நிமிடத்துக்குப் பத்து என்று சுட்டுத் தள்ளாமல் இருந்திருந்தால் கூடுதலாகவே ஓடியிருக்கும். தப்பு என்னுடையது.

அப்புறம், குறி கெட்டுவிட்டது என்று யார் சொல்வது? போட்டிக்காரர் கழற்றிப் போடும் பேரல் வேட்டைக்காரருக்கு இன்னும் பல காலம் உழைக்கும். பழி வேறிடத்திலும் இருக்கலாம். ஸ்கோப் திருகு தளர்ந்திருந்தது தெரியாமல் ஒருமுறை நல்ல பேரலையே மாற்றப் போனவன் நான். துடைக்கும் கம்பியை முன்வாயிலிருந்து விட்டு விளிம்பைத் தேய்த்துவிடுகிறவர்களும் உண்டு. அங்கே ஒரு சிறு காயம் பட்டாலும் குண்டு கோணலாகத்தான் வெளியேறும்.

பையனின் ரைபிளில் அறைக்கு முன்னால் வளையமாகக் கரி இறுகிப் போயிருந்தது, அவ்வளவுதான். கரைப்பானில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்ததும் 50 மீட்டரில் ஐந்து துளைகளும் மறுபடி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.

அடுத்த முறை இப்படி ஓர் எண்ணை அச்சிடும்போது எந்தத் தோட்டாவுக்கு என்பதையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்